இரண்டாம் பாகம்

சௌராஸ்தா சந்தையின் மாடியில்
கீழே ஊறும் ஜாதிக்காயின் வாசம் ஏறிப்போன
பழைய புத்தகக் கடை.
செய்யது காதர் அண்ணனின் சட்டம் எளிது:
பன்னிரண்டு வெள்ளி கொடுத்து எடுத்துப் போ,
மாதத்துக்குள் கொண்டுவந்தால் ஆறு வெள்ளி திரும்ப.
விற்பனையா இரவலா என்று
அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்படித்தான் அது கிடைத்தது,
மூன்று பாக நாவலில் நடுப்பாகம் மட்டும்.
விக்டோரியா மகாராணி காலத்து அட்டை,
முதுகு கிழிந்து தையல் தெரிந்தது.
உள்ளே லண்டன் வாடகை நூலகமொன்றின் சீட்டு:
ஒருமுறைக்கு ஒரு பாகம்தான்,
பக்கங்களில் எழுதக் கூடாது.

முதல் பக்கத்திலேயே கதாநாயகி அழுகிறாள்.
எதற்கென்று முதல் பாகத்துக்குத்தான் தெரியும்.
கடைசிப் பக்கத்தில் வண்டி ஏறுகிறாள்.
எங்கே?
பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலை பஸ்ஸில்
தூங்கி வழியும் தலைகளுக்கு நடுவே
அகராதியைத் தொடையில் வைத்துப் படித்தேன்.
"பாதிக் கதைக்கா கண்ணை இப்படிக் கெடுத்துக்கிற?"
என்றாள் தவமலர்.
நாம் பார்க்கிற சர்க்யூட் பலகை மட்டும் முழுசா,
அது எங்கிருந்து வந்தது, எதுக்குள்ளே போகுது,
உனக்குத் தெரியுமா என்றேன்.
அவள் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

எழுதக் கூடாத ஓரங்களில்
பென்சில் எழுத்து.
நூற்று முப்பதாம் பக்கத்தில்:
'இதை நான் எழுதியிருக்க வேண்டும்.'
இருநூற்றுப் பன்னிரண்டில்:
'நான் எழுதியிருந்தால் இத்தனை நீளம் இருக்காது.'
பிறகு அவசரமாக,
'வியாழனுக்குள் முடிக்க. மிஸஸ் ஹாஸ்லம் காத்திருக்கிறாள்.'
ஒரு சந்தாவை
இரண்டு வீட்டுப் பெண்கள் பங்கு போட்டிருக்கிறார்கள்,
நாங்கள் ஆறு பேர் ஒரு வைஃபையைப் போடுவதுபோல.

பின்னட்டையின் உட்புறம் சலவைக் கணக்கு.
தலையணை உறை ஆறு,
மேசை விரிப்பு இரண்டு,
மெழுகுவத்தி, கடன்.
அதற்கடியில் கோடு கூடப் போடாமல்
அவளுடைய சொந்தக் கதை தொடங்கியிருந்தது:
'அவள் அந்தக் கடிதத்தை எரிக்கவில்லை, ஆனால்'

அவ்வளவுதான்.
ரொட்டி பொங்கியிருக்கலாம்.
யாராவது கூப்பிட்டிருக்கலாம்.
மிஸஸ் ஹாஸ்லம் வாசலில் வந்து நின்றிருக்கலாம்.
தன் பெயரில் எழுதினாளோ,
ஆண் பெயர் ஒன்றை இரவல் வாங்கி எழுதினாளோ,
அந்த 'ஆனால்'-ஓடு நின்றேபோனாளோ.

இரவு ஷிஃப்டில் தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம்.
ரிஜெக்ட் சீட்டுகளின் பின்புறத்தில்
நான் எதையாவது எழுதுவது
தவமலருக்கு மட்டும் தெரியும்.
கெடு முடிய ஒருநாள் இருந்தபோது
அந்த 'ஆனால்'-க்குப் பக்கத்தில்
தமிழில் எழுதினேன்:
எரித்துவிட்டதாகவே எல்லோரிடமும் சொன்னாள்.
அடுத்தவர் புத்தகமாயிற்றே,
அழுத்தாமல் எழுதினேன்.
ஆறு வெள்ளியை வாங்கிக்கொண்டு வந்தேன்.
அந்த வாரம் பஸ் பாஸுக்கு அது தேவைப்பட்டது.

தீபாவளி கழிந்து போனபோதும்
அதே அலமாரியில் இருந்தது.
விலை பதினைந்து.
"சுத்தம் பண்ணி வச்சிருக்கேம்மா,
யாரோ கண்டபடி கிறுக்கியிருந்தாங்க."
மேசையில் தேய்ந்த அழிப்பானும்
ஊதித் தள்ளாத சாம்பல் துகள்களும்.

நான் கோபப்படவில்லை.
பத்து வருடமாகக் கீறல் தேடுவதுதான் என் வேலை.
கைப்பேசி விளக்கைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடித்தேன்.
தலையணை உறை ஆறு எழுந்து வந்தது.
மெழுகுவத்திக் கடன் வந்தது.
அவள் அழுத்தித்தான் எழுதியிருக்கிறாள்,
அந்த 'ஆனால்' மறுபக்கம் வரை பதிந்திருந்தது.
பக்கத்தில்
என் வரி இருந்த இடம்
வெறும் வழவழப்பு.

பதினைந்தையும் எண்ணி வைத்தேன்.
"மாசத்துக்குள்ள கொண்டாந்துடுவல்ல?" என்றார்.

கொண்டுவந்துவிடுவேன் என்றுதான் சொன்னேன்.